மகேஸ்வரி அக்காவின் சத்தமில்லாத பாடம்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். சிவகாசியில் காலண்டர், பட்டாசு லேபிள் என்று கம்ப்யூட்டரில் வடிவமைத்துப் பிழைக்கிற எனக்குக் கண்ணால் பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நீங்கள் சிரித்தாலும் தப்பாக நினைக்க மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பிராட்பேண்ட் ஊருக்குள் வந்த புதிது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய மகேஸ்வரி அக்கா, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளால் வகுப்புக்கு வர முடியவில்லையே, ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரிலாவது பார்த்துப் படிக்கட்டும் என்று, திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். வீடியோ ஓடாத இடங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிவப்பு அம்புக்குறி போட்டுத் தனியாக வைப்பார். பதிவை வெட்டி ஒட்டி ஏற்றுவது என் வேலை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன திறக்கும், அதில் எங்கே இறங்க வேண்டும் என்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி அவசரமே இல்லாமல் சொல்வார். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்துவிட்டார், குரல் போய்விட்டது, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வேறு யாராக இருந்தாலும் சென்டரைப் பூட்டியிருப்பார்கள். அக்கா மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னந்தனியாக ஒரு பாடத்தைப் பேசாமலே பதிவு செய்தார். மவுஸ் அம்பு நகரும், நிற்கும், ஒரு இடத்தைச் சுற்றிக் காட்டும், அவ்வளவுதான். நான்தான் ஏற்றினேன், அந்தக் கோப்பில் ஒலி என்பதே கிடையாது.

பாடம் ஏறிப் பத்து நாளாகியும் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "யாருக்கும் வெளங்கல போல. இதோட நிப்பாட்டிருவோம்."

நம்பினால் நம்புங்கள், அந்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து முத்துப்பாண்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். 'டீச்சர், ரொம்ப நாள் கழித்து உங்கள் குரலைக் கேட்டேன். எனக்குக் கண் தெரியாது. நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்வதை வைத்துத்தான் படிக்கிறேன். புதுப் பாடமும் நன்றாகப் புரிந்தது.'

யாரோ அக்காவைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். அக்காவிடம் காட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, வீட்டை விசாரித்து நானே நேரில் போனேன்.

கேலி இல்லை. பட்டாசு ஆலை விபத்தில் பார்வை போனவர், நெற்றியெல்லாம் தழும்பு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க, சாப்பிட்டீகளா? டீச்சர் சொகமா இருக்காகளா?" என்றார்.

அந்தப் பாடத்தைப் போடச் சொன்னேன். ஹெட்போனை என் காதில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவர் வாங்கி மாட்டிக்கொண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவருக்குச் சொல்லாமலே வீடியோவை நடுவில் இழுத்துவிட்டேன்.

"ஆல்ட்டை அமுக்கிக்கிட்டு 'ஓ' எழுத்தைத் தட்டச் சொல்றாக, மெனு தெறக்குமாம். இப்ப பாராகிராபுக்கு எறங்கச் சொல்றாக" என்றார். திரையில் அம்பு பாராகிராப் என்ற சொல்லின் மேல் நின்றது. வேறொரு இடத்துக்கு இழுத்தேன், அதையும் சரியாகச் சொன்னார். பிறகு அம்பு அசையாமல் வெகுநேரம் நிற்கிற ஒரு இடம் வந்தது, வீணாக நிற்கிறதே என்று நான் வெட்டப் போய் விட்டுவைத்த இடம். முத்துப்பாண்டி சிரித்தார். "அவசரப்படாதீக, எல்லாரும் தடுமாறுற எடம் இதுதான், ஒரு மூச்சு விட்டுட்டு வாங்கங்கிறாக."

ஹெட்போனை மறுபடி வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன், அப்போதும் ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் போய் மின்னஞ்சலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கியது. காகிதத்தை இழுத்து எழுதினார்: "பதிவு பண்ணும்போது மனசுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருப்பேன். மூச்சு விட்டுட்டு வாங்கன்னு சொன்னது நெசம்தான்."

மறுநாள் நான் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே மவுஸ் சொடுக்கும் சத்தம். அதற்குப் பிறகு அக்கா நிறுத்தவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் எத்தனை பாடங்கள் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. முத்துப்பாண்டி இப்போது விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் உட்கார்ந்து ஆர்டர் கடிதமெல்லாம் அடித்துக்கொடுக்கிறார். குரல் இல்லாமல் ஒரு மனிதரை இப்படி நிமிர்த்திவிட்ட அக்காவை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் அக்காவிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கிளம்பும்போது முத்துப்பாண்டி வாசல் வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். டீச்சர் சொல்லச் சொல்ல, பக்கத்துல ஒரு பொம்பள 'ம்... ம்...'னு கொட்டிக் கேட்டுக்கிட்டே இருக்காகளே, அவுக யாரு? முன்னப் போட்ட பாடத்துல எல்லாம் அவுக இல்லையே?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அக்கா இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதிவு செய்கிறார். அந்த நேரத்தில் நான் அந்தக் கதவுப் பக்கம் போவதில்லை.