இன்பம் டீச்சரின் எட்டுச் சிரட்டைகள்

அம்மா இறந்து பத்தொன்பதாம் நாள், அவளுடைய தையல் மேசைக்கு அடியிலிருந்து எட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் சிமென்ட் சாந்து ஊற்றி, கம்பி நட்டு, துணிப் பூக்களைக் கட்டியிருந்தாள். அடுத்த தெருக் கல்யாணப் பெண் ஜெமிக்குப் பெண்கள் கூடி நடத்தும் பிரைடல் ஷவருக்கு. மறுநாள் சனிக்கிழமை, சர்ச் ஹாலில் எட்டு மேசைகளின் நடுவில் வைக்க வேண்டும்.

எட்டிலும் ஒரு பக்கத்தில் பூவே இல்லை. வெறும் கம்பி, பச்சை டேப், காய்ந்த சாந்து.

அம்மா பெயர் இன்பம். பள்ளியில் முப்பத்தொரு வருடம் தையல் டீச்சர். விசைத்தறிக்காரர்கள் கழித்துப் போடும் துணி ஓரங்களை வாங்கி வந்து, கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் விரலால் சுருட்டினால் ரோஜா வரும். சனிக்கிழமைதோறும் சர்ச் பீடத்துக்கு அவள்தான் பூ வைப்பாள். ஆறு வயதில், பின்பக்கம் ஏன் காலி என்று கேட்டேன். "சுவரு பூ பாக்குமாலே?" என்றாள்.

அந்தப் பழக்கமாக இருக்கலாம். ஆனால் மேசையைச் சுற்றி ஆட்கள் உட்காருவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா?

வேறொரு காரணமும் இருக்குமோ என்று பயந்தேன். அம்மாவுக்கு வந்தது பக்கவாதம். "முன்னாலயே சின்னதா வந்திருக்கலாம். எதுவும் கவனிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டிருந்தார். நான் ஓசூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவேன். அதில் என்ன கவனிக்க முடியும்? பிறகு படித்தேன்: பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கம் முழுவதுமே கவனத்திலிருந்து விழுந்துவிடும். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். முகத்தில் பாதிக்கு மட்டும் பவுடர் போடுவார்கள்.

"அப்பா, அம்மா சாப்பிடும்போது ஒரு பக்கம் மிச்சம் வச்சாளா?"

அப்பா யோசித்தார். "மிச்சத்த நாந்தான் எடுத்துத் தின்னுருவேன். எந்தப் பக்கத்துச் சோறுன்னு எவன் பாத்தான்?"

"கண்ணு தெரியலன்னு சொன்னாளா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்லுவா."

உருண்டையான சிரட்டைக்கு இடது எது, வலது எது? அவள் அதை எப்படித் திருப்பி வைத்துக் கட்டினாள் என்று தெரியாமல் எதையும் நிரூபிக்க முடியாது. இருந்தும் எட்டையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தேன்.

எப்படியானாலும் அவள் கடைசி வேலையை யாரும் குறை சொல்லக் கூடாது. காலிப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அவள் இதழ்களை வெர்னியரில் அளந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டரிலிருந்து நாற்பத்தேழு வரை. சராசரி எடுத்து, எல்லாவற்றையும் நாற்பத்திரண்டில் வெட்டினேன். கஞ்சி போட்டேன், சுருட்டினேன்.

அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "ஏலே இஸ்ரேல், இது பூவா, வாஷரா?"

ஐந்து சிரட்டைகளை முடித்ததும் துணி தீர்ந்துவிட்டது. மூன்று அப்படியே நின்றன.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலுக்குக் கொண்டுபோனேன். ஜெமி சீக்கிரமே வந்திருந்தாள். அம்மாவிடம் தையல் படித்தவள். ஒரு சிரட்டையைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, பின்னால இது யாரு வச்சது?"

"நான்தான். காலியா இருந்துச்சு."

"காலியாத்தான் இருக்கணும். டீச்சர் போன்ல 'ஏட்டி, நீ எங்கன உக்காருவே?'ன்னு கேட்டாங்க. மேடையில நடுவுலன்னேன். 'அப்ப எல்லாத்தயும் உன்னப் பாத்து வைக்கச் சொல்லுதேன். வாரவளுவ பாக்கத்தான் நீ இருக்கியே'ன்னாங்க."

"எப்ப சொன்னா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுக்கு முந்தின நாளு." ஜெமியின் குரல் தாழ்ந்தது. "என் கம்மல் கலரு வரைக்கும் கேட்டாங்க. நல்லாத்தான் இருந்தாங்க அண்ணே."

பதில் கிடைத்துவிட்டது. முந்தின நாள்வரை அவள் தெளிவாக இருந்திருக்கிறாள். நான் கவனிக்காமல் விட்டது எதுவும் இல்லை. பாரம் குறையும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. பழக்கத்தில் கட்டி முடித்துவிட்டு, பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லியிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அவள் அப்படிச் சமாளிக்கக் கூடியவள்தான். கேட்க ஆள் இல்லை.

கம்பி வெட்டும் குறட்டை எடுத்து என் பூக்களைக் கழற்ற ஆரம்பித்தேன். நாலு சிரட்டைகள் முடிந்தன. ஐந்தாவதை ஜெமி பிடித்துக்கொண்டாள். "இது ஒண்ணு இருக்கட்டும். பாவம், கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கிய."

மேடை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சிரட்டையைத் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம். ஆங், போதும்," என்று அங்கிருந்தே சொன்னாள். எட்டும் திரும்பியதும் எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்றாவது மேசையில் உட்கார்ந்த ஒரு அம்மா, வெறும் கம்பியைத் தொட்டுப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, இன்பம் டீச்சர் பின்பக்கத்த மறந்துட்டாங்களா?"

"மறக்கல," என்றேன்.

"பெறவு?"

கை தானாக மேடைப் பக்கம் நீண்டது. அவர் திரும்பி ஜெமியைப் பார்த்தார். நான் குறட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.