அக்காவின் வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

குவைத்தில் வீட்டுவேலை பார்த்த அக்கா, வெள்ளிதோறும் முதலாளி வீட்டுக் கணினியிலிருந்து எனக்கு மின்னஞ்சல் எழுதுவாள். நான் அப்போது இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கல்லூரி மாணவி. ஒருநாள் தோழியின் மடிக்கணினியில் கல்லூரிப் பெயரிலேயே இரண்டு வைஃபை தெரிந்தன. கடவுச்சொல் கேட்காததில் இணைந்து, அது காட்டிய பக்கத்தில் என் அஞ்சலின் கடவுச்சொல்லை இட்டு அஞ்சலைத் திறந்தேன். மறுநாள் என் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை.

“அது நம்ம காலேஜ் வைஃபை இல்லம்மா. யாரோ அதே பேர்ல வச்சு ஒங்க பாஸ்வேர்ட எடுத்துட்டாங்க” என்றார் கணினி ஆசிரியர்.

இரண்டு வருடக் கடிதங்களும், அவற்றோடு அக்காவின் மின்னஞ்சல் முகவரியும் போயின. ஒரு மாதம் கழித்து அக்கா யாரிடமோ போன் வாங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்தாள்.

“ஏன் பாப்பா எழுதல? அக்காவ மறந்துட்டியா?”

அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லி, என் புது மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன்.

இப்போது எங்கே போனாலும் வைஃபையின் பெயரை அங்கே பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே இணைகிறேன். அக்காவின் ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து வைக்கிறேன். அவள் இன்னும் ஊர் திரும்பவில்லை.