பாறையைச் சுற்றி வந்த தண்ணீர்

கண் விழித்தபோது பாறையைச் சுற்றி ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின சாயங்காலம் முழங்கால் நனையாமல் நடந்து வந்த இடம் அது. போன வருஷம் ஆனி மாதம் நடந்ததைச் சொல்லுகிறேன். கூட்டத்தில் பேசி எனக்கு வழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, காட்டுக்குள் உன்னிச்செடி வெட்டும் கூலி வேலைக்கு நானும் என் மனைவியின் தம்பி மாதேஷும் போயிருந்தோம். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மாதேஷுக்குக் கால் சுளுக்கி வீங்கியிருந்ததால் நாங்கள் தங்கிவிட்டோம். இருட்டினால் யானை தண்ணீர் குடிக்கக் கரைக்கு வரும். அதனால் எங்கள் ஆட்கள் கரையில் படுக்கமாட்டார்கள். ஆற்று நடுவில் யானை ஏற முடியாத பாறையாகப் பார்த்துப் படுப்பார்கள். நானும் அவனைத் தாங்கிப் பிடித்து அங்கே கூட்டிப் போனேன். யானைக்குப் பயந்தேனே தவிர, கர்நாடகத்தில் பெய்த மழையை நினைக்கவில்லை.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல மாமா? நீங்க போயிடுங்க” என்றான்.

“உன்ன உட்டுட்டு எந்த மூஞ்சியோட வூட்டுக்குப் போறது?”

“அப்போ உங்க சாமிகிட்ட கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க. உங்க முணுமுணுப்பு இந்த எரைச்சல்ல அவருக்கு எங்க கேக்கும்?”

கேலிதான் செய்தான். ஆனால் என் கையை இறுகப் பிடித்திருந்தான்.

சபைக்கு வந்த நாள் முதல் நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயம். அன்று தண்ணீர் எங்கள் பாதத்தைத் தொட்டது. அந்தப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

“ஏசப்பா, இவன எடுத்துக்காதப்பா! இவன் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கறாப்பா!”

தொண்டை கிழியக் கதறினேன். வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கதறினேன்.

அக்கரை வளைவிலிருந்து ஒரு பரிசல் வந்தது. “எந்திரிச்சு நிக்காதீங்க, குந்துங்க!” என்று கத்திக்கொண்டே ஒருவர் துடுப்புப் போட்டார். மீன் பிடிக்கிறவர். எங்களைக் கரை சேர்த்த பிறகுதான் அவர் பேசினார்.

“தண்ணி ஏறுதேன்னு பரிசலக் கவுத்துப் போட்டுட்டு வூட்டுக்கு நடந்துட்டேங்க. யாரோ ஏசப்பான்னு கத்துறது கேட்டுத்தான் திரும்புனேன். கம்முனு இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?”

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரைத் திருப்பினவர் யார் என்று எனக்குத் தெரியும்.

மாதேஷுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், “மாமா, கொஞ்சம் சத்தமாவே கேளுங்க” என்று எனக்குப் போன் செய்கிறான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நானும் எழுந்து ஜெபிக்கிறேன். வார்த்தை தடுமாறுகிறது. ஆண்டவர் அதைப் பார்ப்பதில்லை. உங்களில் யாராவது என்னைப்போல் கூச்சப்பட்டு உள்ளுக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தால், வாயைத் திறந்து கேளுங்கள். உங்கள் சத்தம் எட்டுகிற தூரத்தில் யாரையாவது அவர் வைத்திருப்பார்.