கடை மடிப்புக் கலையாத சேலை

எங்கள் தகப்பனார் காலமானபோது அண்ணன் படிப்பை நிறுத்திக்கொண்டு கம்பளையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அக்காவை ஆசிரியையாக்க வேண்டுமென்பதே அவருடைய எண்ணம். அதன்பொருட்டுத் தமது கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். பின்னர் அது நடைபெறவேயில்லை.

அக்கா ஆசிரியையானார். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, தம்முடன் படிப்பித்த ஒருவரை மணந்து கண்டியில் குடியேறினார்.

“இதுக்கா ஒன்னயப் படிக்க வச்சேன்?” என்றார் அண்ணன்.

“நான் கேட்டேனா?” என்றார் அக்கா.

அத்துடன் பேச்சு நின்றது. கடைக்குட்டியாகிய நான் இருவருக்குமிடையே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்கு அனுப்பியதும் கம்பளைக்கு ஓடினேன். அண்ணன் மயில்கழுத்து நிறச் சேலையொன்றை எடுத்து, மடிப்பை நீவி என்னிடம் நீட்டினார்.

“இதக் கட்டிக்கிட்டு ஒருதரம் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுடா.”

“அவங்களுக்கு எந்திரிக்கவே ஏலாதுண்ணே. நீங்க வாங்க.”

“கூப்பிட்டாளா?”

சேலையுடன் கண்டிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா சேலையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே இறுகியது. “கண்டிக்கு பஸ் ஓடுறது தொரைக்குத் தெரியாதாமா? அவரே வந்து குடுத்தாத்தான் கட்டுவேன். அதுவரைக்கும் நீயே வச்சிரு, தபால்காரா.”

சேலை என் அலுமாரிக்குள் போயிற்று. நான் மீண்டும் கம்பளைக்குப் போனேன். அண்ணன் கலண்டரைப் பார்த்து, “போயாவுக்குக் கடை பூட்டு. அன்னைக்கு வாறேன்” என்றார்.

பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு முந்திய மாலை அக்கா கண்மூடினார்.

சொன்ன நாளில் அண்ணன் வந்தார், வெறுங்கையோடு. பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்தாமல் எங்களில் பெண்ணின் உடலைத் தூக்குவதில்லை. நகரத்துப் புடவைக் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. அத்தானின் உறவினரான பெரியவர், “பொறந்த வீட்டுக் கோடி எங்கங்க? நேரமாகுது” என்று அவசரப்படுத்தினார்.

வேறு வழியின்றி அந்தச் சேலையை எடுத்துவந்தேன். அண்ணன் அதைக் கண்டுகொண்டார். கட்டிய சேலை கோடிக்கு ஆகாதென்பது அவர் அறியாததன்று.

“ஒருதரமாச்சும் கட்டினாளாடா?”

“இல்லண்ணே.”

“அப்பப் புதுசுதான். போர்த்துங்க” என்றார் பெரியவர்.

அண்ணன் கடையில் விரித்துக் காட்டும் பழக்கத்தில் அதை ஒரே வீச்சில் விரித்தார். அக்காவின்மேல் படிந்த சேலையில் மடிப்புக் கோடுகள் எழும்பி நின்றன. அவர் அவற்றை நீவினார், மறுபடியும் நீவினார்.