அழகுமுத்துவின் இங்கிலீஷ் சொல்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபேக்டரியில் அடுப்பு பார்த்தவர் அழகுமுத்து. மழையில் இரண்டு நாள் மலையில் நின்றால் மூச்சு இழுக்கும் உடம்பு அவருக்கு. இலையைக் காயவைக்கும் ட்ரையருக்கு அனல் கொடுக்கிற அந்த வேலை கிடைத்த பிறகுதான் மனிதர் மனிதராக நடமாடினார். அது போனால் மறுபடியும் மழையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க வேண்டியதுதான்.

அடுப்போடு சேர்ந்து ஓர் இங்கிலீஷ் சொல்லும் அவருக்குக் கிடைத்தது. ஒருநாள் தோட்டத்துத் துரை ட்ரையர் வாயருகே கையை நீட்டியவர், "ஸ்கோச்சிங்!" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டார். அர்த்தம் கேட்ட அழகுமுத்துவுக்கு, தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர், யாழ்ப்பாணத்துக்காரர் குணரத்தினம் விளக்கினார்.

"தீய்க்கிற சூடு எண்டு அர்த்தம். எங்கட ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் சொல்லலாம். ஒருத்தன் தலைதெறிக்க ஓடினாலும் சொல்லுவினம். சுடச்சுட ஏசினாலும் சொல்லுவினம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். கங்காணியின் கோபம் ஸ்கோச்சிங். மிளகாய்ச் சம்பல் ஸ்கோச்சிங். ஹட்டன் பஸ்காரன் வளைவில் ஓட்டுகிற ஓட்டமும் ஸ்கோச்சிங். மனைவி பேச்சியம்மா சுட்ட ரொட்டியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அதைச் சொல்வார். அவள் முகம் சுருங்கிப்போகும். வாய்தான் அவருக்குக் கெட்டதே தவிர மனசு கெட்டதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆடி மழை. ஈர விறகு புகைந்ததே ஒழியப் பற்றவில்லை. காய்ந்த கட்டைகளாகப் பார்த்து அடுப்பில் திணித்தார். தீ கொழுந்துவிட்டதும் கட்டைகளை வெளியே இழுத்திருக்க வேண்டும். அவரோ ட்ரையரில் இலை போடும் மூக்கனிடம் பஸ்காரனின் ஓட்டத்தைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார். தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினார். கடைசித் தட்டுத் தேயிலை கருகியிருந்தது.

"நல்லதோட கலந்து விட்றலாம்ண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் மூக்கன்.

அவரும் கருகியதைக் கூடையில் அள்ளித் தூக்கிவிட்டார். மழையும் கத்தியும் இழுக்கிற மூச்சும் கண்முன் வந்து நின்றன. ஆனால் ஸ்கோச்சிங் என்பது ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அவர் வாய் கூசாமல் ஒட்டிய பட்டம். தன் முறை வந்ததும் மூடி மறைப்பதா? வெட்கமாகப் போய்விட்டது. கருகியதைத் தனியாகக் கொட்டிவிட்டு டீமேக்கரைக் கூட்டிவந்தார்.

"ஸ்கோச்சிங்குங்கய்யா. நாந்தான். பேச்சு சுவாரசியத்துல அடுப்ப மறந்துட்டேன்."

குணரத்தினம் கருகலை முகர்ந்தார். நல்ல தேயிலையையும் அள்ளி முகர்ந்தார்.

"இதைக் கலந்திருந்தா இண்டைய தேயிலை முழுக்கப் பழுதாப்போயிருக்கும். துரையோட நான் கதைக்கிறன். நீ போய் அடுப்பைப் பார்."

அழகுமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் லயத்துக்கு வருவதற்குள் சங்கதி வந்து சேர்ந்திருந்தது. பேச்சியம்மா வைத்த ரொட்டி ஒரு பக்கம் நன்றாகவே கருகியிருந்தது. அவர் வாயைத் திறக்காமல் பிய்த்துத் தின்றார்.

"என்னங்க, இன்னைக்கு அந்தச் சொல்லக் காணோம்?"

"அத இன்னைக்கு நான் எடுத்துக்கிட்டேன் புள்ள. நல்லாத்தான் இருக்கு, இன்னொன்னு போடு."

பேச்சியம்மா சிரித்துக்கொண்டே ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டு, அடுத்த ரொட்டியை நிதானமான தீயில் போட்டாள்.