வெள்ளையடிக்காத சுவர்

ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு, எங்கள் பக்கத்து ஊர்களில் எது எந்த ராஜ்ஜியத்துக்குப் போகும் என்று பேசிக்கொண்டிருந்த சமயம். நகரிக்குப் பக்கத்தில் நெசவாளர்கள் இருக்கும் தெரு எங்களுடையது. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். அப்புறம் கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்!

என் சின்னப் பெண்ணுக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பைத் தூக்கிப் போடும். வயிற்றில் காய்ச்சல் கட்டி வேறு. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். திருப்பதிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். "நம்ம ஊரு எந்தப் பக்கம்னே தெரியல, அதுக்குள்ள செவுத்த நாறடிக்க வந்துட்டானுங்க" என்று மாமியார் முணுமுணுத்தார். சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு, ஒரே வாடை.

போகிக்கு முந்தின நாள் சுண்ணாம்பு கரைத்து வைத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா? மட்டையை முக்கிக் கூடத்துச் சுவரில் வைக்கப் போகிறேன், வாசலிலிருந்து ஒரு சத்தம்: "வத்தம்மா, வத்து!"

மருந்து அடித்தவர்களில் ஒருவர். வீடுகளைப் பார்த்துப் போக வந்த தெலுங்குக்காரர். வேண்டாம், மேலே வெள்ளையடித்தால் மருந்து மூடிப் போகும், கொசு பழையபடி சுவரில் வந்து உட்காரும் என்றார்.

மாமியாருக்கு வந்ததே கோபம். "நல்ல நாளும் அதுவுமா எழவு வூடு மாதிரி வெச்சிக்கினு இருக்கணுமா?"

அவர் திரும்பி, வெயிலில் உட்கார்ந்திருந்த என் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டார். யோசித்தேன். மருந்து அடித்த கொஞ்ச நாளில் நின்றது, அப்புறம் வரவே இல்லை! இன்றைக்கு வருமோ, நாளைக்கு வருமோ என்று பயந்துகொண்டே இருந்ததில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

"அது பெருமாள் பண்ணது" என்றார் மாமியார் விடாமல்.

"சரேம்மா. பெருமாள் பண்ணதுமேல வெள்ளை அடிக்காதீங்க" என்று சிரித்தார் அவர்.

மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளிச்சுவருக்கு மட்டும் அடிப்பது என்று முடிவாயிற்று. எனக்கு எட்டாத உயரத்துக்கு அவரே மட்டையை வாங்கி அடித்துக் கொடுத்தார். மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீடு வெளியே பளபள, உள்ளே திட்டுத் திட்டு. வந்தவர்கள் கேலி செய்தார்கள். என் பெண்ணோ இரண்டாம் தடவை பொங்கல் கேட்டுத் தின்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கோடையில் அலிபிரியிலிருந்து படியேறிப் போய் அவளுக்கு முடி இறக்கினோம்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு போகிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கியதும், "வத்தம்மா" என்று யாரோ கூப்பிட்ட மாதிரி என் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் சுவரைத் தொடுகிறது.