டோலிக்குப் பின்னால்

2009 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. நானும் என் கணவர் ரகுவும் காலை ஆறு பத்துக்குச் செங்கல்பட்டில் பேருந்து ஏறினோம். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். ஆளுக்கு ஆறு ரூபாய். மலைக்கோயிலுக்கு ஐந்நூற்று அறுபத்தைந்து படி. நடந்தே ஏறுவேன் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன்.

காரணம் உண்டு. சிறுசேரியில் கணினி வேலை பார்த்த என்னை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் நரம்புகளைத் தாக்கிய நோய் அது. பாதம் மரத்துப்போய், வெயிலில் மொட்டைமாடியில் நின்று கொப்புளம் போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. எந்த மருந்துக்கும் நோய் அடங்கவில்லை. கடைசியில் என் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறையவைத்து, கடும் மருந்தால் பழைய எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துவிட்டு, அவற்றை மறுபடி எனக்கே ஏற்றினார்கள். நோய் நிற்கலாம், இழந்தது திரும்புமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பதினைந்து மாதம் ஆயிற்று. சமதரையில் நடக்கிறேன், மலை ஏறிப் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு அடிவாரம். சிகிச்சைக்கு முன் என்னை டோலியில் சுமந்துபோன டில்லி என்னை அடையாளம் கண்டுகொண்டார். வேண்டாமென்று நான் சொல்லியும், அவரையும் கூட்டாளியையும் காலி டோலியோடு பின்னால் வரச் சொன்னார் ரகு. எனக்கு வந்த கோபத்தில் முதல் ஐம்பது படி போனதே தெரியவில்லை.

அப்புறம் தெரிந்தது. இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். முந்நூறாவது படியருகே இடதுகால் உதறியது. ரகு டோலியைத் திரும்பிப் பார்த்தார்.

“இரு சார். அக்கா ஏறிகினுதான கீது, வுடு” என்றார் டில்லி.

எட்டு ஐம்பதுக்கு உச்சி. கிழக்கே மாமல்லபுரத்துப் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. வெட்கப்படாமல் அழுதேன். ஜெயித்துவிட்டேன், அவ்வளவுதான்.

தரிசனம் முடித்து இறங்கும்போது பத்தரை. நாலு படிகூட இறங்கவில்லை, ரகுவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. டில்லி முகத்தில் சிரிப்பே இல்லாமல் டோலியை இறக்கிவைத்தார்.

“காலியா எறக்கினு போனா எங்களுக்கே ஒருமாரி கீது. குந்து சார்.”

ரகு குந்தினார். அன்று என் டோலிக்குப் பின்னால் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். இன்று அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன். செருப்பு அடிவாரத்தில் இருந்தது, படிக்கல் வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது.

“கால் சுடலையா?” என்று டோலியிலிருந்து கேட்டார்.

“சுடுதுங்க” என்றேன். “நல்லா சுடுது.”